பின்வரிசையில் சக ஆசிரியர்

கேள்வி: 12 ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்து, கூடிப் பேசி, கற்பித்தலை மேம்படுத்த வேண்டும் என்று எங்கள் பள்ளியில் முடிவெடுத்திருக்கிறார்கள். முதலில் என் வகுப்பு. குறை கண்டுபிடிக்கத்தான் வருகிறார்களோ என்று மனம் பதறுகிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் பதற்றம் நியாயமானது. பின்வரிசையில் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்தாலே ஆய்வு அதிகாரியின் நினைவு வந்துவிடும். வருகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: "என்னைப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளைப் பாருங்கள்."

ஜப்பானியப் பள்ளிகளில் 'ஜுக்யோ கென்க்யூ', அதாவது பாட ஆய்வு, என்றொரு வழக்கம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் மாணவர்களின் அருகில் நின்று குறிப்பெடுப்பார்கள். பிறகு பேசித் திருத்தி, வேறொரு வகுப்பில் மறுபடி நடத்துவதும் உண்டு. திட்டம் எல்லோருடையது என்பதால், பாடம் சறுக்கினாலும் பழி நடத்தியவர் தலையில் மட்டும் விடிவதில்லை. இதற்காகவே எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும்.

நீங்கள் பின்னங்களில் தொடங்கலாம். மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்டால், நான்கு பெரிய எண்ணாயிற்றே என்று தவறாக எழுதும் பிள்ளைகள் எங்கும் உண்டு. கரும்பலகை அருகில் நிற்கும் உங்களுக்கு விடை மட்டும்தான் தெரியும். பக்கத்தில் நிற்பவரோ, ஒரு சிறுமி முதலில் சரியாக எழுதிவிட்டு, அடுத்தவள் நோட்டை எட்டிப் பார்த்து அதை அடிப்பதைக் கண்டிருப்பார். ஏன் அடித்தாள்? காகிதத்தை மடித்துப் பார்க்க விட்டிருந்தால் தன் விடையை நம்பியிருப்பாளா? இப்படிப் பேசத் தொடங்கினால், உங்களைப் பற்றிய பேச்சுக்கு அங்கே இடமிருக்காது.

கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்கிறீர்கள் என்றும் ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடி அளவே காத்திருப்பதை மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் எடுத்துக்காட்டினார். 3 விநாடியாவது பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பாடம் நடத்திக்கொண்டே இதை நாமே எண்ண முடியாது.

பார்த்தவை எதுவும் உங்கள் பணி மதிப்பீட்டில் ஏறக்கூடாது என்று தலைமையாசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். கூடிப் பேசும் நேரத்தைச் சுற்றறிக்கை வாசிக்க விட்டுவிடாதீர்கள். அடுத்து நீங்கள் சக ஆசிரியரின் வகுப்புக்குப் போகும்போது, ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்துகொண்டு மணி அடிக்கும்வரை அந்தப் பிள்ளையையே பாருங்கள்.