பேரிங் சத்தம், காற்று லீக், பழைய எண்ணெய்: பட்டறைக்காரர்களின் கேள்விகள்

கேள்வி: விச்சூரில் 12 மெஷின் உள்ள பட்டறை எங்களுடையது. எல்லாவற்றிலும் அதிர்வு சென்சார் மாட்டச் சொல்கிறார்கள். மாட்டலாமா?

வேண்டாம். எந்த மெஷின் நின்றால் அன்றைய வேலையே நின்றுவிடுமோ, முதலில் அதில் மட்டும் மாட்டுங்கள். 15 கிலோவாட் வரையுள்ள மோட்டாரில் அதிர்வின் வேகம் விநாடிக்கு 1.8 மி.மீ.க்குள் இருந்தால் ஓட்டலாம், 4.5-ஐத் தாண்டினால் ஆபத்து என்பது ஐஎஸ்ஓ என்னும் சர்வதேசத் தரத்தின் பொதுக் கணக்கு. ஆனால் போன மாதம் 0.8 இருந்தது இந்த மாதம் 1.6 ஆகியிருந்தால், எல்லைக்குள்தானே என்று விட்டுவிடாதீர்கள். பேரிங்கைப் பாருங்கள். எப்போதும் ஒரே இடத்தில், ஒரே லோடில் அளந்தால்தான் இந்த ஒப்பீடு நிற்கும்.

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறோம். கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது. எங்கிருந்து தொடங்குவது?

காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரிலிருந்து. மதியச் சாப்பாட்டு நேரத்தில் காற்றில் ஓடும் எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரசரை மட்டும் ஆனில் விடுங்கள். லீக் இருந்தால், யாரும் காற்றை எடுக்காதபோதும் அது அடிக்கடி லோடு எடுக்கும், அதாவது காற்றை அழுத்தத் தொடங்கும். லோடில் ஒன்றரை நிமிடம், ஓய்வில் ஆறு நிமிடம் என்றால், ஏழரை நிமிடத்தில் ஒன்றரை. அதாவது கம்ப்ரசரின் திறனில் 20 சதவீதம் லீக்கிலேயே போகிறது! 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று சுமார் 3 கிலோவாட்டைத் தின்னும். பத்து மணி நேரம் ஓடினால் 30 யூனிட். பெரும்பாலும் ஹோஸ் கிளாம்ப், குயிக் கப்ளர், வடிகால் வால்வு இவற்றில்தான் கசியும். சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை காட்டிக்கொடுக்கும். அப்புறம், கம்ப்ரசர் லைனில் ஒரு டிஜிட்டல் மீட்டர் மாட்டி ஃபோனில் வரைபடம் பாருங்கள். ராத்திரி 2 மணிக்கும் கோடு ஏறி இறங்கினால், பட்டறை பூட்டிய பிறகும் ஓடுகிறது என்று அர்த்தம். டிஜிட்டல் என்று செலவு செய்ய நினைத்தால் முதல் காசை இதில் போடுங்கள்.

கேள்வி: எண்ணூர்க் கடற்காற்றில் சென்சார் இணைப்புகள் துருப்பிடிக்கின்றன.

தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 தரத்தில், துருப்பிடிக்காத எஃகு உறையுள்ளதாக வாங்குங்கள். கேபிள் நுழையும் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தை நினைவில் வைத்து, தகவல் சேகரிக்கும் பெட்டியைத் தலைக்கு மேல் உயரத்தில் பொருத்துங்கள்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹைட்ராலிக் எண்ணெயை மாற்றுகிறோம். அவசியமா?

தொட்டி பெரியதென்றால் தேதியைப் பார்த்து மாற்றாதீர்கள், எண்ணெயைச் சோதித்து மாற்றுங்கள். மெஷின் ஓடிச் சூடாக இருக்கும்போது தொட்டியின் நடுமட்டத்தில் மாதிரி எடுங்கள். அடியில் எடுத்தால் வண்டல்தான் வரும். பாகுநிலை, நீர், துகள் மூன்றும் சரி என்றால் இன்னும் ஓடட்டும். சின்னத் தொட்டிக்குச் சோதனைச் செலவு கட்டாது, தேதியைப் பார்த்து எண்ணெயை மாற்றுவதே மேல். ஆனால் ஒன்றை மன்றாடியே கேட்கிறேன்: கழித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். அது எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய், அங்கே வலை வீசுபவரின் கையில்தான் ஒட்டும். டிரம்மில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே கொடுங்கள்.

கேள்வி: எங்கள் மூத்த ஃபிட்டர் சென்சாரை நம்ப மறுக்கிறார்.

திருப்புளியைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பவராக இருப்பார். அந்தக் காது உங்களுக்கு வேண்டும். அவர் கேட்டுச் சொல்வதையும் சென்சார் காட்டும் எண்ணையும் தேதி போட்டு ஒரே நோட்டில் எழுதுங்கள். பேரிங்கைக் கழற்றும் நாளில் அதை அவர் கையிலேயே கொடுத்து, எது சரியென்று பார்க்கச் சொல்லுங்கள்.