லெஸ்டர் வாடகை அறை: முன்பணம் அனுப்பலாமா?

தேவகோட்டை ஆச்சி, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் தம்பிக்குப் பார்த்த வாடகை அறைக்கு, வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லும் உரிமையாளர் முன்பணம் கேட்கிறார், அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்தை அனுப்பாதீர்கள். மாதம் 520 பவுண்டு அறைக்கு மூன்று மாத வாடகையை, 1,560 பவுண்டை, டெபாசிட்டாகக் கேட்பதே முதல் கோளாறு. இங்கிலாந்தில் 2019 சட்டப்படி டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக்கூடாது. உங்கள் கணக்கில் வாரம் 120, ஆக 600. அறையைப் பிடித்துவைக்க வாங்கும் பணம் ஒரு வார வாடகைதான். தான் அங்கே குடியிருக்காமல் வாடகைக்கு விடுபவர் டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். எந்தத் திட்டம் என்று கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

'வெளிநாட்டில் இருக்கிறேன், சாவி கூரியரில் வரும்' என்பது பழைய தந்திரம். படங்களை வேறு விளம்பரத்திலிருந்து எடுத்திருப்பார்கள். கூகுளில் படத்தைப் போட்டுத் தேடுங்கள். வீட்டு உரிமையாளர் பெயரை லேண்ட் ரெஜிஸ்ட்ரி (அந்நாட்டு அரசின் நிலப் பதிவுத் துறை) தளத்தில் சில பவுண்டு கட்டிப் பார்க்கலாம். அந்தப் பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். நம்மூரில் வளவு, இரண்டாம் கட்டு, கிணறு வரை நடந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்போமா?

தம்பி முதல் இரண்டு வாரம் பல்கலைக்கழக விடுதியிலோ பயணிகள் தங்கும் ஹாஸ்டலிலோ தங்கி, நேரில் பார்த்து முடிக்கட்டும். வாடகை கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை.

பாஸ்போர்ட் நகல் ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? இனி கொடுக்கும் நகலின் குறுக்கே தேதியும் காரணமும் எழுதிக் கொடுங்கள். பணமே போயிருந்தால் இன்றே வங்கிக்குச் சொல்லிவிட்டு இந்திய சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வெளிநாட்டுக் கணக்கில் வரவானபின் திருப்புவது மிகக் கடினம்.