காலையில் தாழ்ந்து நிற்கும் கார்

கேள்வி: பழைய ஐரோப்பிய சொகுசு கார் வாங்கியிருக்கிறேன். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரம்பிய ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு). காலையில் முன்பக்க இடது மூலை தாழ்ந்திருக்கிறது. இன்ஜினைப் போட்டதும் நிமிர்ந்துவிடுகிறது. அப்படியே ஓட்டலாமா?

பதில்: தள்ளிப்போடாதீர்கள். காற்று கசிகிறது. அதை ஈடுகட்ட, காற்றை நிரப்பும் கம்ப்ரஸர் அளவுக்கு மீறி ஓடிச் சூடேறிக் கருகும். சிறிய செலவு பெரிதாகிவிடும்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து அதற்கு மேலுள்ள ஃபெண்டர் வளைவுவரை இரவிலும் காலையிலும் அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கினால் பெரும்பாலும் அந்த மூலையின் ஏர் பேக் (சஸ்பென்ஷன் காற்றுப் பை) அல்லது அதன் குழாய் இணைப்பில் கசிவு. பல மூலைகள் சேர்ந்து இறங்கினால் காற்றை மூலைகளுக்குப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கைச் சந்தேகிக்கலாம். சோப்பு நீர் தெளித்தால் கசியும் இடத்தில் குமிழி வரும். பெரும்பாலும் ரப்பர் மடியும் இடத்தில்தான் வெடிப்பு இருக்கும். புழுதியும் வெயிலும் அதை விரைவுபடுத்தும். ஜாக் ஸ்டாண்டு கொடுக்காமல் வண்டிக்கு அடியில் கை நீட்டவே கூடாது. சட்டென்று இறங்கிவிடும்.

கம்ப்ரஸர் ஏற்கெனவே போயிருந்தால் அதை இயக்கி நிறுத்தும் மின் சுவிட்சான ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டால் புதிய கம்ப்ரஸரும் ஓயாமல் ஓடிக் கெடும். பாகம் கிடைக்கவில்லை என்று சாதாரண காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றச் சொல்வார்கள். எச்சரிக்கை விளக்கு அணையாமல் போகலாம், சவாரியின் மென்மையும் போய்விடும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்துச் சரியான பாக எண்ணைக் கேட்டு வரவழைப்பதே நல்லது.