கமெண்டுக்குள் கிடக்கும் பழைய கோட்

அன்புள்ள ஐயா,

வெப் புரோகிராமிங் கற்றுக்கொண்டிருக்கிறேன். பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் ஃபைலில் // போட்டு ஒரு கமெண்ட் (கணினி இயக்காமல் விட்டுவிடும் குறிப்பு) எழுதினேன். எரர் எதுவும் காட்டவில்லை. ஆனால் அதற்குக் கீழே கொடுத்த நிறம் மட்டும் வரவில்லை. ஏன்? சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியில் // நல்லதா, # நல்லதா? கமெண்ட் அதிகமானால் தளம் மெதுவாகுமா? என் ஃபைல்களை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

சிஎஸ்எஸ்ஸில் // என்ற கமெண்டே கிடையாது, /* */ மட்டும்தான். நீங்கள் போட்ட // தொடங்கி அடுத்த அரைப்புள்ளி வரை ஒரே தவறான வரியாக எடுத்துக்கொண்டு பிரவுசர் சத்தமில்லாமல் தள்ளிவிட்டது. நிறமும் அதோடு போயிற்று. வேகத்தைப் பற்றிய கவலையை விடுங்கள்.

உங்கள் ஃபைல்களைத் திறந்த பிறகுதான் பதில் எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது. யாரோ விட்டுப்போன ஒரு விற்பனைத் தளத்தின் கோடோடு சில நாட்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் கூப்பன் தொகையைக் கழிக்கும் வரிக்கு முன்னால் // நிற்கிறது, அதனால் அந்த வரி கமெண்டாகி இயங்காமல் கிடக்கிறது. தவறென்று எடுத்தார்களா, சோதனைக்காக நிறுத்திவிட்டுத் திரும்பப் போட மறந்தார்களா? மேலே 'இப்போதைக்கு' என்று மட்டும் ஒரு கமெண்ட். எப்போதைக்கு? அழிக்கவும் பயம், திரும்பப் போடவும் பயம்.

நேற்றுத் தொடங்கிய உங்களுக்கும் அதே வியாதியா? கன்ட்ரோலையும் சாய்கோட்டையும் சேர்த்துத் தட்டினால் பத்து வரி கமெண்டாகிவிடுகிறது. அந்தச் சுலபம்தான் கெடுக்கிறது. லாகின் சரிபார்ப்பின் மூன்று பழைய வடிவங்களை எதற்கு வைத்திருக்கிறீர்கள்? 'இருக்கட்டுமே' என்றுதானே? கோடின் பழைய வடிவங்களைக் காப்பதற்கு 2005-லிருந்து கிட் (Git) என்ற மென்பொருள் இருக்கிறது, நீங்களும் அதைத்தான் பயன்படுத்துகிறீர்கள். அப்புறம் என்ன பயம்? அதைவிட மோசம், அந்த ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலில் // போட்ட ஒரு வரியில் சோதனைக் கடவுச்சொல் அப்படியே கிடக்கிறது. தளத்தில் ஏற்றினால் கமெண்டும் சேர்ந்துதான் பார்வையாளரின் பிரவுசருக்குப் போகும். யாரும் படிக்கலாம்.

'கவுண்ட்டரில் ஒன்று கூட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியே அதைத்தானே சொல்கிறது? ஆனால் ஓர் இடத்தில், 'பட்டனை இரண்டு முறை அழுத்தினால் ஆர்டர் இரண்டாகிறது, அதனால் இங்கே முடக்குகிறேன்' என்று ஒரு வரி. அதைப் படித்ததும் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. கோடைப் பார்த்து யாராலும் ஊகிக்க முடியாத காரணம் அது. இதை எழுதத் தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் எதற்கு?

சரி, பிஎச்பி. // இருக்கட்டும். # போட்டாலும் வேலை செய்யும், ஆனால் 8.0-லிருந்து #[ என்று தொடங்கினால் அது கமெண்ட் அல்ல, ஆட்ரிபியூட், அதாவது கோடைப் பற்றி பிஎச்பிக்கே சொல்லும் தகவல். எதைப் போட்டாலும் அதே வரியில் பிஎச்பி பகுதியை மூடும் குறியான ?> வந்தால் கமெண்ட் அங்கேயே முடிந்து, மீதி பக்கத்தில் அச்சாகிவிடும்.

அந்தக் கடவுச்சொல் வரியை இன்றே எடுங்கள். எடுத்தாலும் கிட்டின் பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த வடிவத்தில், அது இருக்கும். ஆகவே கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள்.