ஷூட்டிங் முடிந்தால் படம் முடிந்ததா? விஸ்காம் படிக்கும் மகளைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு

கொழிஞ்சாம்பாறை அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் கோயம்புத்தூரில் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், மூன்றாம் ஆண்டு. வெள்ளிக்கிழமை வந்தால் புதுப்படம், இல்லாவிட்டால் தோழியின் பிறந்தநாள். நவம்பரில் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேருக்கு வகுப்பே திரண்டு வரப்போகிறது, டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குப் போக இப்போதே பேச்சு நடக்கிறது. ஆனால் போன செமஸ்டர் குறும்படத்தைத் தாமதமாகக் கொடுத்து மதிப்பெண் குறைந்தது, இந்த செமஸ்டரில் திரைப்பட ரசனைக் குறிப்பேடு இன்னும் பாதிகூட எழுதவில்லை. படிப்பையே நிறுத்திவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கட்டும் என்று வீட்டில் அண்ணன் சொல்வதாகவும் எழுதி, "வெளியே போறதை ஒரேயடியா நிறுத்திடட்டுங்களா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்த வேண்டாம் அக்கா. அப்படிச் சொல்வதற்கு முன் உங்கள் மகளிடமும் பேசினேன். போன செமஸ்டர் படம் ஏன் தாமதமானது என்று நாள் நாளாகக் கேட்டேன். கடைசிப் பத்து நாள் அவள் எந்தப் படத்துக்கும் போகவில்லை, எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. சோறு தின்னக்கூட எழுந்திருக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியும் தாமதம். ஆகவே கோளாறு வெள்ளிக்கிழமை சினிமாவில் இல்லை.

ஷூட்டிங் முடிந்த அன்று இந்தப் பிள்ளைகள் "படம் முடிஞ்சுது" என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். அது கதிரறுத்துக் களத்தில் கொண்டுவந்து போட்ட நிலைதான். அடிப்பது, தூற்றுவது, காயவைப்பது எல்லாம் இனிமேல்தான். பத்து நிமிடப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடப் படத்துக்கு எட்டு நிமிடம் எடுத்திருந்தால் கையில் எண்பது நிமிடக் காட்சி இருக்கும். 4கே தெளிவில் புரோரெஸ் 422 எச்க்யூ என்ற வடிவத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 318 ஜிபி. எண்பது நிமிடத்துக்கு 420 ஜிபியைத் தாண்டும். அதை இரண்டு டிஸ்க்கில் நகலெடுக்க வேண்டும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் போனாலும் ஒரு நகலுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகு தனியாகப் பதிவு செய்த ஒலியைக் காட்சியோடு பொருத்த வேண்டும், நல்ல டேக் எது என்று குறிக்க வேண்டும், காட்சிகளை வரிசைப்படுத்தி முதல் வரைவான ரஃப் கட் போட்டு ஆசிரியரிடம் காட்ட வேண்டும். அவர் சொன்ன திருத்தங்களைச் செய்து பிக்சர் லாக், அதாவது இனி வெட்டில் மாற்றமில்லை என்று முடிவு செய்த பிறகு டப்பிங், சூழல் ஒலி, மிக்ஸிங், கலர், சப்டைட்டில், கடைசியில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக்கும் ரெண்டர். ரெண்டர் ஆன ஃபைலை முழுக்க ஓட்டிப் பார்க்கும்போது சப்டைட்டிலில் ஓர் எழுத்து தப்பென்றால் மறுபடி ரெண்டர்.

ஷூட்டிங் இரண்டு நாள். ஊரே பார்க்கும், ஆள் சேர்ப்பார்கள், சோறு கட்டிப் போவார்கள். இந்த மற்ற வேலைக்கு மூன்று வாரம் வேண்டும், அதை யாரும் பார்ப்பதில்லை. ஷூட்டிங் முடிந்த மறுநாள் படம் பார்க்கப் போனால் வீட்டில் உங்களுக்குக் கோபம் வருவதில்லை. வேலை முடித்த பிள்ளைதானே என்று விட்டுவிடுகிறீர்கள், அவளும் அப்படித்தான் நினைக்கிறாள். பத்து நாள் கழித்துத்தான் இரண்டு பேருக்கும் பதற்றம் வருகிறது.

போன முறை இதோடு காற்றும் சேர்ந்துகொண்டது. வேலந்தாவளம் பக்கத் தென்னந்தோப்பில் பிப்ரவரியில் எடுத்திருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாயில் அந்த மாதங்களில் கிழக்கிலிருந்து எப்படிக் காற்று வீசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மைக்குக்குக் காற்றிரைச்சலைத் தடுக்கும் ரோம உறைகூடப் போடாமல் வசனம் பதிந்திருக்கிறார்கள். எல்லாம் இரைச்சல். முழுப் படத்துக்கும் டப்பிங் செய்ய வேண்டியதாயிற்று, நடித்த பையன் அதற்குள் திருச்சூருக்குப் போய்விட்டான். இந்த முறை ஷூட்டிங் அக்டோபரில் என்கிறாள். வடகிழக்குப் பருவமழையான துலாவர்ஷம் பிடித்துவிட்டால் மதியத்துக்கு மேல் இடியும் மழையும்தான். வெளிப்புறக் காட்சிகளைக் காலை 6 மணியிலிருந்து 11 மணிக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறேன். மழைக்காக ஒரு நாள் உபரியாகவும் வைக்க வேண்டும்.

ஆகவே நாட்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னேன். சமர்ப்பிக்கும் நாள் நவம்பர் 20. ஃபைல் 18ஆம் தேதியே இரண்டு டிஸ்க்கில் இருக்க வேண்டும். கல்பாத்தித் தேர் நவம்பர் நடுவில் வரும், அந்த மூன்று நாளும் அவள் வேலை செய்யமாட்டாள். செய்ய வேண்டும் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை, நம்ம பக்கத்துப் பிள்ளை தேருக்குப் போகாமல் எப்படி இருக்கும்? அப்படியென்றால் மிக்ஸிங்கும் கலரும் 12ஆம் தேதிக்குள் முடிய வேண்டும், பிக்சர் லாக் 4ஆம் தேதி. தீபாவளியை ஒட்டி விடுதிப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள், எடிட் லேபும் பூட்டியிருக்கும். அதையும் கழித்தால் ஷூட்டிங் அக்டோபர் 12ஐத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் அவள் முகம் வாடியது. அக்டோபர் கடைசியில் எடுக்கலாம் என்று இருந்தாளாம். போன தடவையும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று. தேர், கல்யாணம், பிறந்தநாள், பார்க்க வேண்டிய படம் எல்லாவற்றையும் காலண்டரில் முதலில் எழுதச் சொன்னேன், அதற்குப் பிறகுதான் வேலையை. பல வீடுகளில் வேலையை மட்டும் எழுதி வைத்துவிட்டு, வெளியே போவதைத் திருட்டுத்தனமாக நடக்க விடுகிறார்கள். எழுதிய பிறகு எந்த வாரம் நெருக்கடி, எந்த வாரம் காலி என்று அவளுக்கே தெரிகிறது. ஷூட்டிங்குக்கு முந்தின இரவு எங்கும் போவதில்லை. ரஃப் கட்டுக்கும் லாக்குக்கும் நடுவில் உள்ள நாட்களில் ஒரே ஒரு மாலை. லாக் ஆன அன்று சாயங்காலம் தாராளமாகப் போகலாம். இந்த மூன்றும் அவள் போட்ட விதிகள், நான் சொன்னதில்லை.

இனி அந்தப் படம் பார்க்கும் பழக்கத்துக்கு வருவோம். சினிமா படிக்கிறவள் சினிமா பார்ப்பதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. கேரளத்தில் 1965இல் இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியதிலிருந்து, ஊர் ஊராகக் கூடிப் படம் பார்த்துப் பேசித்தான் ஒரு தலைமுறையே சினிமா கற்றது. 1996இல் தொடங்கிய கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் (ஐஎஃப்எஃப்கே) மாணவர்கள் வரிசையில் நிற்பதும் அதன் தொடர்ச்சிதான். கோவிட் காலத்தில் அதன் 25ஆவது விழாவை நான்கு ஊர்களில் பிரித்து நடத்தினார்கள். 2021 மார்ச்சில் பாலக்காட்டுக்கே வந்தது, உங்களுக்கு நினைவிருக்கலாம்.

ஆனால் பார்த்துவிட்டு வந்து படுத்துத் தூங்கினால் அது எல்லோரும் பார்ப்பது மாதிரிதான். படம் பார்த்த அன்றிரவே ஒரு பக்கம் எழுத வேண்டும். முழுப் படத்தைப் பற்றி வேண்டாம், ஒரே ஒரு காட்சி போதும். அதில் எத்தனை ஷாட், எங்கே வெட்டினார்கள், வெட்டுக்கு முன்பே அடுத்த காட்சியின் ஒலி வந்ததா, கேமரா யார் பக்கம் நின்றது. அவள் பாக்கி வைத்திருக்கும் ரசனைக் குறிப்பேட்டில் கேட்பது இதுதான்! ஜூலையிலிருந்து பார்த்த படங்களுக்கு இப்படி எழுதியிருந்தால் குறிப்பேடு இந்நேரம் நிறைந்திருக்கும். பேருந்தில் வரும்போதே ஃபோனில் குரல் பதிவு செய்து, வீட்டில் வந்து எழுதலாம்.

வகுப்பு முடிந்து மாலில் காரணமில்லாமல் சுற்றி, வீடு வந்து ரீல்ஸ் பார்த்து 1 மணிக்குத் தூங்கும் நாட்களும் இருக்கின்றன, அவளே ஒப்புக்கொண்டாள். குறைக்க வேண்டியது அதைத்தான். அதில் படமும் இல்லை, உண்மையில் நட்பும் இல்லை.

நட்பு என்று சொன்னதால் இதையும் கேளுங்கள். கேமரா பிடிக்கிறவன், ஒலி பதிகிறவள், லைட் தூக்குகிறவன் எல்லோரும் அவளுடைய நண்பர்கள்தான். விடியற்காலை 5 மணிக்கு மைக்கைத் தூக்கிக்கொண்டு சித்தூர்ப் புழைக்கு வருகிறார்கள் என்றால், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு இவளும் போயிருக்கிறாள் என்பதால்தான். நாளைக்கு வேலையும் இந்த வழியாகத்தான் வரும். உதவி எடிட்டர் வேலைக்கு யாரும் பேப்பரில் விளம்பரம் கொடுப்பதில்லை. "ஒரு ஆள் வேணும், சொன்ன தேதிக்குக் கொடுப்பாளா?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்பார். அவளை அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்தால் அந்தக் கேள்வியின் முதல் பாதி போய்விடும், தாமதம் செய்தால் இரண்டாம் பாதி.

இரவு திரும்புவது பற்றிய உங்கள் பயம் நியாயமானது. கடைசிப் பேருந்தை நம்ப வேண்டாம், அதற்கு முந்தினதைப் பிடிப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷூட்டிங் என்றால் இடம், உடன் வருகிறவர்களின் எண்கள், திரும்பும் வண்டி மூன்றும் முந்தின நாளே உங்களிடம் இருக்க வேண்டும். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும். சினிமாத் தயாரிப்பு நிறுவனங்களிலும் இருக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. பெண் பிள்ளைக்கு இந்தத் துறை வேண்டாம் என்பதற்காக இதை எழுதவில்லை. தன் உரிமை தெரிந்தவளாக அவள் உள்ளே போக வேண்டும்.

அண்ணனிடம் சொல்லுங்கள், ஐந்தாம் செமஸ்டரில் படிப்பை நிறுத்துவது பெரிய இழப்பு. வங்கித் தேர்வுக்கும் ஒரு பட்டம் வேண்டும், விஸ்காம் பட்டமும் அதற்குச் செல்லும். மேலே படிக்க ஆசைப்பட்டால் புனே, கொல்கத்தா, சென்னைத் தரமணி, கோட்டயம் ஆகிய நான்கு ஊர்களிலும் அரசுத் திரைப்படக் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. அதைவிட, உங்கள் மகளிடம் கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் பலரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், இரண்டையும் எழுதப் படிக்கத் தெரியும். சப்டைட்டில், டப்பிங், எடிட்டிங் மூன்றிலும் சென்னையும் கொச்சியும் அவளுக்குத் திறந்திருக்கின்றன. எடிட்டர் ஸ்ரீகர் பிரசாத் தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி என்று எத்தனை மொழிகளில் வேலை செய்திருக்கிறார் பாருங்கள். நம்ம பக்கத்துக்கு சினிமா எதற்கு என்கிறாராம் அண்ணன். இசையமைப்பாளர் எம்.எஸ். விசுவநாதன் பிறந்தது நம்ம பாலக்காட்டு எலப்புள்ளியில், பாடகி பி. லீலா சித்தூர்க்காரர்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு அக்கா. "எங்கே போனே?" என்று கேட்பதற்குப் பதிலாக "லாக் ஆயிருச்சா கண்ணு?" என்று கேளுங்கள். ரஃப் கட் வந்ததும் உங்களுக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எடிட்டிங் தெரியாதே என்று தயங்க வேண்டாம். கதை எந்த இடத்தில் புரியவில்லை, எங்கே சலிப்புத் தட்டியது என்று மட்டும் சொல்லுங்கள். வகுப்புத் தோழர்களுக்குக் கதை முன்பே தெரியும், அவர்களால் அதைச் சொல்ல முடியாது.

பாப்பா, இது உனக்கு. தேதி தவறும் என்று தெரிந்தால் நான்கு நாள் முன்னாலேயே ஆசிரியரிடம் போய் நில். கையில் ரஃப் கட் இருக்கட்டும். பாதி முடிந்த படத்தைக் காட்டிக் கேட்கிற பிள்ளைக்கு ஆசிரியர்கள் வழி சொல்வார்கள். கடைசி நாள் ராத்திரி "ஹார்ட் டிஸ்க் போச்சு சார்" என்று மெசேஜ் போட்டால், அது உண்மையாக இருந்தாலும் நம்பமாட்டார்கள்.

திருவனந்தபுரம் போகலாம். டிசம்பரில் வைவா என்ற வாய்மொழித் தேர்வின் தேதி அறிவித்த பிறகு முடிவு செய்யுங்கள், முழு விழாவுக்கும் வேண்டாம், நான்கு நாள் போதும். பாலக்காட்டில் இரவு அமிர்தா எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் அங்கே இருப்பார்கள். விழாவில் படம் பார்க்க மாணவர்களுக்குக் கொடுக்கும் டெலிகேட் பாஸுக்கு முன்பதிவு தொடங்கியதும் பணம் கட்டிவிடச் சொல்லுங்கள். தங்கும் இடத்தை நீங்கள் ஃபோனில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் 1 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்க வேண்டும். தேங்காய் போட்ட பணம் வந்ததும் ஒதுக்கிவிடுங்கள், அக்டோபர் முதல் வாரத்துக்குள் அவள் கையில் இருக்கட்டும்.