லூர்து ஊற்றுநீர் உண்மையிலேயே நோய் தீர்க்குமா?

தண்ணீரில் மருந்தெல்லாம் இல்லை. சோதித்துப் பார்த்ததில் சாதாரணக் குடிநீர்தான். பிரான்ஸின் லூர்து நகரில் 1858-இல் மாதா காட்சி கண்டதாகச் சொன்ன 14 வயது பெர்னதெத், குகைக்குள் சேற்றைக் கையால் தோண்டிய இடத்தில் கிளம்பிய ஊற்று அது.

சரி, குணமானதை யார் சரிபார்ப்பது? 1883 முதல் அங்கேயே மருத்துவர்கள் அலுவலகம் உண்டு. பல ஆயிரம் பேர் குணமானதாகச் சொல்லியும், 2018 வரை கத்தோலிக்கத் திருச்சபை புதுமை (அதாவது, கடவுள் செய்த அற்புதம்) என்று ஏற்றது 70 மட்டுமே.

1902-இல் இதிலெல்லாம் நம்பிக்கையில்லாமலே லூர்துக்குப் போன டாக்டர் அலெக்சிஸ் காரெல், சாகக் கிடந்த ஒரு நோயாளிப் பெண்ணின் வயிற்று வீக்கம் சில மணி நேரத்தில் வடிந்ததைப் பார்த்தார். அதை வெளியே சொன்னதால் பிரான்ஸின் லியோன் நகரில் அவருக்கு எதிர்ப்பு. அப்புறம் அமெரிக்கா போய் 1912-இல் நோபல் வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குணத்தைத் திருச்சபை புதுமையாக ஏற்கவில்லை!