மணல் எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மணற்கல்லில் குவார்ட்ஸ் என்னும் எளிதில் சிதையாத கனிமம் மிகுந்திருந்தால் அது பழைய கண்டத்தின் நிலைபெற்ற உட்பகுதியிலிருந்து வந்தது என்றும், பாறைத்துணுக்குகள் மிகுந்திருந்தால் எரிமலைத் தொடரிலிருந்தோ எழுந்துவரும் மலைகளிலிருந்தோ வந்தது என்றும் படிக்கிறோம். ஒரு முக்கோண வரைபடத்தைக் கொண்டு பழங்காலக் கண்டத்தட்டுகளின் நிலையை உறுதியாகச் சொல்லிவிட முடியுமா?

முதுகலை நிலவியல் மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரைபடத்தை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. வில்லியம் டிக்கின்சனும் அவருடைய சக ஆய்வாளரும் 1979இல் முன்வைத்த அந்த முறை, குவார்ட்ஸ், அதைவிட எளிதில் சிதையும் கனிமமான ஃபெல்ட்ஸ்பார், பாறைத்துணுக்கு ஆகிய மூன்றின் விகிதத்தைப் பார்க்கிறது. ஆனால் மலைக்கும் படிவுப் படுகைக்கும் இடையில் தட்பவெப்பம் செய்யும் வேலையை அது தனியே பிரித்துக் காட்டுவதில்லை. தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுப்படுகை இதற்குச் சிறந்த சான்று. ஆண்டீஸ் என்னும் உயிர்ப்புள்ள மலைத்தொடரிலிருந்து இறங்கும் மணல், வெப்பமும் மழையும் மிகுந்த சமவெளிகளில் நெடுங்காலம் தங்கும்போது பாறைத்துணுக்குகளும் ஃபெல்ட்ஸ்பாரும் சிதைந்துபோக, குவார்ட்ஸே பெரிதும் எஞ்சுகிறது. அது நாளை மணற்கல்லானால், வரைபடம் அதனை அமைதியான கண்ட உட்பகுதியின் மணல் என்றே காட்டக்கூடும். புதைந்த பின்னரும் ஃபெல்ட்ஸ்பார் கரைந்து மறைவதுண்டு.

இந்த இடத்தில்தான் சிர்க்கான் துணைக்கு வருகிறது. எளிதில் சிதையாத இந்தச் சிறு கனிமத்தில் உள்ள யுரேனியம் மாறா வேகத்தில் ஈயமாக மாறுவதால், ஒவ்வொரு மணியும் தான் படிகமான காலத்தைத் தாங்கியிருக்கிறது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உள்ள சியான் பள்ளத்தாக்கில் செங்குத்தாக நிற்கும் நவாஹோ மணற்கல், ஜுராசிக் காலத்துப் பாலைவன மணற்குன்றுகளின் எச்சம். அதன் சிர்க்கான் மணிகளில் பெரும்பங்கு, கண்டத்தின் மறு ஓரத்தில் இருக்கும் அப்பலாச்சிய மலைப்பகுதியின் பாறை வயதுகளோடு பொருந்துவதை 2003இல் வெளியான ஆய்வுகள் காட்டின. கண்டத்தையே கடந்து மேற்கே ஓடிய ஆறுகள் அந்த மணலைக் கொண்டுவந்தன என்றும், பின்னர் காற்று அதைத் தெற்கே குவித்தது என்றும் அவை விளக்கின. விகிதங்களை மட்டும் கணக்கிட்டிருந்தால் இந்த ஆறுகளை ஒருவரும் ஊகித்திருக்க முடியாது. என்னைப் பொறுத்தவரை, மணல் ஆய்வின் மிக அழகான கண்டுபிடிப்புகளுள் இது ஒன்று.

ஆயினும் சிர்க்கானுக்கும் எல்லை உண்டு. பழைய மணற்கல் ஒன்று அரிக்கப்பட்டு மீண்டும் படிந்தாலும் மணிகளின் வயது மாறுவதில்லை. ஆகவே அது தொடக்கப் பாறையைச் சொல்லுமே தவிர, இடையில் தங்கிய இடங்களைச் சொல்லாது. சிர்க்கான் அரிதாக உள்ள பசால்ட் போன்ற எரிமலைப் பாறைகள் மணலுக்கு எவ்வளவு பங்களித்திருந்தாலும் கணக்கில் ஏறக்குறைய இடம்பெறாமலே போகும். எரிமலைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் நேரடியாகக் காண்பது அங்கே ஈடற்றது.

எனவே, மணல்மணிகளை எண்ணிக் கணக்கிடத் தொடங்குவதற்கு முன்பு மெல்லிய பாறைச்சீவலை நுண்ணோக்கியில் பொறுமையாகப் பாருங்கள். ஃபெல்ட்ஸ்பார் வடிவில் வெற்றிடங்கள் தென்பட்டால், உங்கள் குவார்ட்ஸ் விகிதம் படிந்த நாளில் இருந்ததைவிட உயர்ந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். அந்த மாதிரியை வரைபடத்தில் குறிக்கும்போது அதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.